வரிசையில் நின்ற மறியல்

1

இந்தக் கதை ஒரு செய்திப் புகைப்படத்திலிருந்து கிளம்பியது. ‘சாலை மறியல்’ என்று கீழே போட்டிருந்தது. படத்தில் குடங்கள் சாலையோரமாக ஒன்றன்பின் ஒன்றாக நிற்க, நடுவில் தண்ணீர் லாரி தாராளமாகப் போய்க்கொண்டிருந்தது. மறியலைத் தேடினேன், கதை அகப்பட்டது.

2

நிலம் பாளம் பாளமாக வெடித்து—

(வேண்டாம். நிறையப் படித்திருப்பீர்கள்.)

வறட்சி வானத்தின் பிழையா, பங்கீட்டின்—

(கட்டுரையாகிறது. ஆளைக் கொண்டுவருகிறேன்.)

3

தையல்காரி. அவள் தெருக்கோடிக் கிணற்றுத் தண்ணீரை உறிஞ்சி, லாரிகள் குளிர்பான ஆலைக்குக் கொண்டுபோகின்றன. தெருக்குழாயில் பெரும்பாலும் காற்றுதான். கிணறு வற்றுவதற்குள் லாரியை நிறுத்தியாக வேண்டும் என்று வீடு வீடாக ஏறி ஆள் திரட்டியவள் அவள்.

லாரி ஓட்டுவது அவள் தம்பி.

(தம்பி வேண்டாமென்று ஒருமுறை அந்த வரியை அடித்தேன். எந்த லாரியையும் யாரோ ஒருத்தியின் தம்பிதானே ஓட்டுகிறான்? திரும்பச் சேர்த்துவிட்டேன்.)

4

“எல்லாரும் குடத்தை ரோட்டுல வைங்க!” என்றாள்.

வைத்தார்கள். கோடை கோடையாகக் குழாயடியில் பழகிய கைகள். முதலில் அவள் குடம், பின்னால் இஸ்திரிக்காரர் குடம், அதன் பின்னால் மற்றவை. ஓரமாக, ஒழுங்காக. குறுக்கே வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை; அவளுக்கும்தான்.

தம்பி வேகத்தைக் குறைத்துத் தலையை நீட்டினான்.

“அக்கா, மறியல் எப்ப ஆரம்பிக்கும்? அடுத்த நடைக்கு வரணும்ல, அதான் கேட்டேன்.”

லாரி போய்விட்டது. அந்தப் படம் இதுதான்.

5

அடுத்த நடை. அவள் தன் குடத்தைத் தூக்கினாள்.

“நடுவுல வைச்சா வரிசை போயிடுமேம்மா,” என்றார் இஸ்திரிக்காரர். “திரும்பி வந்தா கடைசிலதான் நிக்கணும். அப்புறம் என்கிட்ட சண்டைக்கு வரக்கூடாது.”

“போகட்டும்ண்ணே.”

நடுச்சாலையில் குடத்தை வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். லாரி அதன் கழுத்தை முட்டுவதுபோல் வந்து நின்றது.

“எந்திரிக்கா. வேலை போயிடும்.”

“கிணறே போகுதேடா!”

6

ஒரு பிரதியில் எல்லாக் குடங்களும் நடுவுக்கு வருகின்றன. (என் ஆசை, அடித்துவிட்டேன்.) இன்னொன்றில் தம்பி சாவியை அக்காவிடம் கொடுத்துவிடு—

(அவனுக்கும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும்.)

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: லாரி உறுமிக்கொண்டே நிற்கிறது. வரிசையில் முதல் இடம் காலி. இஸ்திரிக்காரர் குடத்தைத் தூக்கிவிட்டார். ஓரடி முன்னால் வைத்தால் அவர்தான் முதல் ஆள். பக்கவாட்டில் நடந்தால் நடுச்சாலை.

அவருக்குப் பின்னால் நிற்பது உங்கள் குடம்.