சிஞ்ஞோரா கண்டுபிடித்த சூப்

தாய்லாந்திலிருந்து திரும்பிய மறுநாள் தொனத்தெல்லா சிஞ்ஞோரா என்னைச் சமையலறையிலிருந்து கூப்பிட்டு, வரவேற்பறைச் சோபாவில் தனக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். இத்தாலியில், பலேர்மோவில், அவள் வீட்டில் நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அந்தச் சோபாவைத் தூசு தட்டியிருக்கிறேன், கறை நீக்கியிருக்கிறேன். உட்கார்ந்ததில்லை. பல் வைத்தியரான அவள் கணவர் பயணப் படங்களுக்குப் பயந்து கிளினிக்குக்குள் போய் ஒளிந்துகொண்டார். பார்க்க ஆள் வேண்டுமே, அதற்கு நான்.

ஆறு ரோல் படம். யானைக்குப் பக்கத்தில் சிஞ்ஞோரா, புத்தருக்குப் பக்கத்தில் சிஞ்ஞோரா, அன்னாசிக் குவியலுக்குப் பக்கத்தில் சிஞ்ஞோரா. யானை மட்டும் கொஞ்சம் வெட்கப்பட்டதுபோல் இருந்தது.

"இப்போது பார், அம்பி," என்றாள். என் பெயர் அம்பிகை. அந்த "கை" அவள் வாயில் ஒருநாளும் வந்ததில்லை. "இது சுற்றுலாக்காரர் யாருக்கும் தெரியாத ஊர். நானே கண்டுபிடித்தேன். காலை ஏழு மணி. ஆற்றங்கரை. என்ன சாப்பிடுகிறேன் என்று நினைக்கிறாய்? சூப்! தாய்லாந்தில் வியட்நாம்காரர் விற்கிற சூப்! காலைச் சாப்பாட்டுக்கு!"

ஐம்பது வருடமாகக் காலையில் கோப்பியில் பிரியோஷ் பணிசைத் தோய்த்துத் தின்றவள் ஒரு நாள் ஒரு கோப்பை சூப் குடித்துவிட்டாள். சந்திரனில் இறங்கியவன்கூட இவ்வளவு கதைத்திருக்கமாட்டான்.

நான் கோப்பையைப் பார்க்கவில்லை. பின்னால் தெரிந்த ஆற்றைப் பார்த்தேன். மண் நிறத் தண்ணீர், அக்கரையில் தாழ்வான லாவோஸ். தூரத்தில் ஒரு பெரிய பாலம். நான் இருந்தபோது அந்தப் பாலம் இல்லை.

"ஊருக்கு என்ன பெயர், சிஞ்ஞோரா?"

"நொங்காய். உனக்கு எங்கே தெரியப்போகிறது!"

"தெரியாது," என்றேன்.

தொண்ணூறாம் ஆண்டு ஆவணியிலும் புரட்டாதியிலும் ஒன்பது கிழமை நான் அந்த ஊரில் இருந்தேன். காசு வாங்கிக்கொண்டு களவாக ஆள் அனுப்பும் ஏஜென்சி எங்களை அங்கே கொண்டுபோய் வைத்திருந்தது. ஆற்றைக் கடந்து லாவோஸ், அங்கிருந்து மொஸ்கோ, பிறகு இத்தாலி என்பது அவர்கள் சொன்ன கணக்கு. ஒரு கடைக்கு மேல்மாடியில் ஒரே அறை, பதினொரு பேர். எங்களுக்குப் பொறுப்பாக ஏர்னஸ்ற் என்றொரு மன்னார்ப் பொடியன். வெளியே தலை காட்டக்கூடாது என்பது அவனுடைய கட்டளை. மத்தியானமும் இரவும் சோறு வரும். காலையில் ஒன்றுமில்லை.

எனக்கு அப்போது மூன்றாம் மாதம். சோற்றைக் கண்டாலே சத்தி வரும். என் கணவர் கோபாலசிங்கம் ஊரில் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்தவர். பாயில் சம்மணம் கட்டி இருந்துகொண்டு, ஒளித்து இறங்கித் தெருக்கடையில் வாங்கிவந்து தின்ற பொடியன்களுக்குத் தினமும் ஒரு பிரசங்கம் வைப்பார். "பண்டி தின்னியள். நாளைக்கு எந்த முகத்தோடை கோயிலுக்குப் போவியள்?" தான் பசியைக்கூட ஒழுங்காகத் தாங்கத் தெரிந்தவர் என்கிற பெருமை அவர் முகத்தில் இருக்கும்.

கீழே, கடை வாசலில், ஒரு வியட்நாம்காரி விடிய ஐந்து மணிக்குப் பானையை அடுப்பில் ஏற்றுவாள். மேலேயிருந்து பார்த்து நான் அருவருத்திருக்கிறேன். கலங்கல் தண்ணீரும் வழுவழுவென்ற ஏதோ ஒன்றும், மனிசர் குடிக்கிற சாமானா என்று. பிறகு ஒருநாள் எல்லோரும் தூங்கும்போது என்னையறியாமல் படியிறங்கினேன். அவள் என் வயிற்றைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், ஒரு கோப்பையை நீட்டினாள். பன்றி எலும்புச் சாறு, கையால் வெட்டிய தடித்த அரிசி மா நூடில்ஸ், மிளகு, பொரித்த சின்ன வெங்காயம். மூன்று கிழமைக்குப் பிறகு முதன்முறையாக என் வயிற்றில் ஒரு சாப்பாடு தங்கியது. அடுத்த நாளும் போனேன். அதற்கடுத்த நாள் சும்மா குடிக்கக் கூச்சமாக இருந்ததால் பக்கத்தில் குந்தி அவளுக்கு உள்ளி உரித்துக் கொடுத்தேன். பிறகு மா உருட்டினேன். ஒரு சொல்லும் விளங்காமலே அந்தச் சூப்பைப் பழகினேன். கணவர் எழும்புவதற்கு முன் வந்து படுத்துவிடுவேன். அவரிடம் சொல்லவில்லை. பலேர்மோவுக்கு வந்து, மகள் கேசிகா பிறந்து, ஒரேத்தோத் தெருவில் வீடு எடுத்து, ஐந்து வருடம் ஆகியும் சொல்லவில்லை.

இதையெல்லாம் தொனத்தெல்லாவுக்குச் சொல்ல வேண்டிய தேவை என்ன? அவள் அடுத்த படத்துக்குப் போய்விட்டாள்.

இரண்டு கிழமை கழித்து அவளுக்கு ஒரு யோசனை வந்தது. சுற்றுலாவுக்குக் கூட வந்த எட்டுப் பேரையும் ஞாயிறு காலை வீட்டுக்கு அழைத்து நொங்காய்ச் சூப் கொடுக்க வேண்டுமாம்.

"நீ சமைப்பாய். உங்கள் சமையல்தானே."

"நான் சிறீலங்கா, சிஞ்ஞோரா."

"ஓம் ஓம், அங்கேதான்," என்று கையை வீசினாள். துருக்கியில் தொடங்கி ஜப்பான் வரைக்கும் அந்த ஒரு வீச்சில் அடங்கிவிட்டது.

எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். அவள் கவலைப்படவில்லை, தானே செய்வதாகக் கிளம்பினாள். வெள்ளிக்கிழமை மேசையில் சாமான்களைப் பரப்பி வைத்திருந்தாள்: சூப் கட்டி ஒரு பெட்டி, மெல்லிய இத்தாலிய ஸ்பகெத்தி, ஒரு தகரம் தேங்காய்ப்பால், அலங்காரத்துக்கு ஓர்க்கிட் பூ. தேங்காய்ப்பாலைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றியது. குடித்த சூப்பில் என்ன இருந்தது என்றுகூடத் தெரியாதவள் அதைக் கண்டுபிடித்தவளாம். அதைவிட அந்த வாசல் பெண்ணின் முகம் வேறு நினைவுக்கு வந்து தொலைத்தது.

"விடுங்கோ சிஞ்ஞோரா. நான் செய்கிறேன்."

"பார்த்தாயா! இரத்தத்தில் இருக்கும் என்று எனக்குத் தெரியும்," என்றாள்.

சனிக்கிழமை கபோச் சந்தைக்குப் போனேன். இறைச்சிக்காரன் பன்றி எலும்பைக் கட்டித் தரும்போது, "நாய்க்கா?" என்று கேட்டான். "சிஞ்ஞோராவுக்கு," என்றேன். அரிசி மா, சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தமிழ்க் கடையில். மீன் சோஸ், அதே தெருவில் ஒரு பிலிப்பைன்காரியிடம். மரவள்ளி மா கிடைக்கவில்லை, உருளைக்கிழங்கு மாவால் சமாளித்தேன். ஞாயிறு விடிய முதல் பஸ்ஸில் போய் எலும்பை அவித்து, நுரை எடுத்து, மா குழைத்து, உருட்டி, வெட்டினேன். அந்த நூடில்ஸ் சாற்றுக்குள்ளேயே வெந்து சாற்றைத் தடிப்பாக்க வேண்டும். ஆக்கியது. ருசி பார்த்தேன். அதேதான். ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை.

பத்தரைக்கு எட்டுப் பேரும் வந்தார்கள். பட்டுச் சால்வைகள், கழுத்தில் சின்னச் சின்னப் புத்தர்கள். பத்திரம் எழுதும் ஒரு நொத்தாரிசின் மனைவி கை கூப்பி என்னைக் கும்பிட்டாள், பிறகு தன் கோட்டைக் கழற்றி என் கையில் தொங்கவிட்டாள். நான் கோப்பைகளை வைத்தேன். கொஞ்ச நேரம் உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"நல்லாயிருக்கிறது," என்றார் ஒருவர், சாவு வீட்டில் சொல்வதுபோல.

"நல்லாயிருக்கிறது. ஆனால் அது இல்லை," என்றாள் தொனத்தெல்லா. "ஏதோ குறைகிறது. அந்த உண்மையான ருசி."

"அந்த மக்களின் எளிமை," என்றாள் நொத்தாரிசின் மனைவி. சொல்லிக்கொண்டே பார்மிஜானோ சீஸ் கேட்டு வாங்கிச் சூப்பின் மேல் துருவிப் போட்டாள். அது உருகிக் கயிறு கயிறாகக் கரண்டியில் தொங்கியது.

"பாவம் அம்பி, முயற்சி செய்தாள். அங்கே போகாதவளுக்கு எப்படித் தெரியும்?"

நான் வெற்றுத் தட்டத்தோடு நின்றேன். சொல்லக்கூடாது என்றுதான் நினைத்தேன். வாய் கேட்கவில்லை.

"நான் அங்கே இருந்தேன், சிஞ்ஞோரா. நொங்காயில். ஒன்பது கிழமை. காலையில் இதைத்தான் குடித்தேன்."

எல்லோரும் கரண்டியை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு தொனத்தெல்லா வாய்விட்டுச் சிரித்தாள். "ஒன்பது கிழமையா! நாங்கள் அங்கே ஒரே ஒரு இரவுதான். கேட்டீர்களா? என் வேலைக்காரி என்னைவிட நீண்ட விடுமுறை எடுத்திருக்கிறாள்!"

எட்டுப் பேரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்புக்கூட இல்லை, சந்தோஷமான சிரிப்பு. என்ன ஹோட்டல் என்று ஒருவர் கேட்டார். ஒரு மனிசி பாஸ்போர்ட் இல்லாமல் ஒரு அறைக்குள் ஒன்பது கிழமை கிடக்கலாம் என்பது அந்தத் தலைகளில் ஒன்றுக்கும் எட்டவில்லை. நான் கோபப்படவில்லை. இவர்கள் மேல் கோபப்படுவதே இவர்களுக்குக் கொடுக்கிற மரியாதை என்று தோன்றியது. சமையலறைக்குப் போய், மிச்சச் சூப்போடு பானையை மூடி, சீலையால் சுற்றி, கேட்காமலே தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டில் கேசிகாவுக்கு ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்தேன். நூடில்ஸை உறிஞ்சி, முகமெல்லாம் பூசிக்கொண்டு, "அங்கோரா, அம்மா," என்று இன்னும் கேட்டாள். இவர் உள்ளறையிலிருந்து மணம் பிடித்துக்கொண்டு வந்தார். பலேர்மோவில் ஒருவர் வீட்டிலும் கைநனைக்காதவர், மற்றவர்களின் சட்டியைப் பார்த்தாலே மூக்கைச் சுளிப்பவர். வெடிக்கப்போகிறார் என்று காத்திருந்தேன். கதிரையை இழுத்து இருந்தார். நான் ஊற்றினேன். பாதிக் கோப்பை குடித்தார்.

"அந்தப் பொம்பிளை இவ்வளவு மிளகு போடுறேல்லை," என்றார்.

"எந்தப் பொம்பிளை?"

"நொங்காயிலை. கீழை வாசலிலை வச்சு வித்தவ."

எனக்குக் கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. "நீங்கள் குடிச்சனீங்களோ?"

"நீர் வந்து படுத்தாப்பிறகு நான் பின்வாசலாலை இறங்கிப் போறனான்."

"அப்ப நான் போனதும் தெரியுமோ?"

"தெரியாமல்? உம்மடை கை முழுக்க உள்ளி மணம்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீர் சொன்னனீரோ?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அத்தனை சனத்துக்கு முன்னாலை கதைச்சுப்போட்டன். பிறகு எப்பிடி?"

"பொடியளைப் பண்டி தின்னியள் எண்டு பேசினது?"

"அது அவங்கள் எல்லாருக்கும் முன்னாலை திண்டவங்கள்," என்றார், அது ஒரு நியாயம்போல.

சீஸ் தூவிய கூட்டத்தைப் பற்றி எனக்கிருந்த இளக்காரம் முழுவதும் அந்த நேரம் இவர் பக்கம் திரும்பியது. தொனத்தெல்லாவாவது தான் தின்றதை ஊரெல்லாம் கூப்பிட்டுச் சொன்னாள். இவர் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து பாயில் சம்மணம் கட்டிப் பிரசங்கம் வைத்தார். கர்ப்பிணியான நான் திருடிபோலப் படியேறி வருவதைக் கண் மூடிப் பார்த்துக்கொண்டு கிடந்தார். "வா, ரெண்டு பேரும் போவம்" என்ற ஒரு சொல் வாயில் வரவில்லை.

இதை அவருக்கு முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் மிச்சச் சூப்பைக் குடித்து முடித்தார். அன்று இரவு படுத்தபிறகு, நானும் பெரிய ஆள் இல்லை என்று நினைப்பு வந்தது. அத்தனை நாள் என்னைத் தாங்கியவளின் பெயரை நான் கேட்கவேயில்லை. ஆற்றைக் கடந்த அன்று விடிய அவளைத் தாண்டித்தான் ஏஜென்சியின் வான் வண்டியில் ஏறினோம். இவர் பக்கத்தில் நின்றதால் அவளைத் தெரியாதவள்போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் கையில் கரண்டியோடு பார்த்துக்கொண்டு நின்றாள்.

தொனத்தெல்லா வீட்டை அப்போதே விட முடியவில்லை. அந்த வருடம் வந்த பொதுமன்னிப்புச் சட்டத்தில் எனக்கு பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி எடுக்க அவள்தான் கையெழுத்து வைத்திருந்தாள். மே மாதம் குவெஸ்தூராப் பொலிசில் பெர்மெஸ்ஸோ கைக்கு வந்தது. ஜூனில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பாலர் பாடசாலையில் சமையலுக்குச் சேர்ந்தேன். தொனத்தெல்லா கட்டிப்பிடித்து அழுதாள், நான் அவளுக்கு மகள் மாதிரி என்றாள். என் முழுப் பெயரைச் சொல்லுங்கோ பார்ப்போம் என்று கேட்க வாய் வந்தது. சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது சில ஞாயிறுகளில் அந்தச் சூப்பை எங்கள் வீட்டில் வைக்கிறேன். பானை கொதிக்கத் தொடங்கியதும் இவர், "கீழ்வீட்டுச் சனத்துக்கு மணக்கும், ஜன்னலைச் சாத்தும்," என்பார். நான் அசையமாட்டேன். அவரே எழும்பிப் போய், ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்திவிட்டு வந்து, கோப்பையை நீட்டுவார்.