முடி உதிராத டயர்

புது டயரின் மேல் முடி முடியாக ரப்பர் நீட்டிக்கொண்டிருக்கும். நாலு தெரு ஓடினால் தேய்ந்து போய்விடும். அதற்காக யாரும் அழுததில்லை. பல் டாக்டர் அழுதார். போன தடவை பழைய கார் கண்காட்சியில் அவருடைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்த நடுவர்கள், கடைசியில் டயரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டார்கள். ஓடிய டயராம். கார் என்றால் ஓடாதா என்று கேட்க அங்கே ஓர் ஆள் இல்லை.

இந்தத் தடவை புது டயர் மாட்டுவது, அது கண்காட்சிக் கூடம் போய்ச் சேரும்வரை தரையைத் தொடாமல் பார்த்துக்கொள்வது என்று டாக்டர் முடிவு கட்டினார். லாரியில் ஏற்றலாமென்றால் பலகைமேல் உருள வேண்டும். சங்கிலி போட்டுத் தூக்கினால் பெயிண்ட் போய்விடும். அலைந்து திரிந்து, பாரம் தூக்குகிறவர்களிடம் வந்து நின்றார். இரும்புப் பெட்டி, ஜெனரேட்டர், மாடிக்கு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும் பீரோ, எதுவானாலும் கழி கட்டித் தோளில் தூக்கிப் போகிற கூட்டம் அது.

"தூக்கிரலாம் சார்" என்றார் மேஸ்திரி. சொன்னது வாய்தான். அவருடைய வலது முட்டி ஒப்புக்கொள்ளவில்லை.

முட்டி விஷயம் அவருக்கும் மனைவிக்கும் மட்டுமே தெரியும் என்பது அவர் நினைப்பு. முன்கழியில் நின்று "ஏத்து... வை" என்று அடி கூப்பிடுகிறவன்தான் மேஸ்திரி. அந்தக் குரலுக்குத்தான் பன்னிரண்டு பேர் காலும் ஒன்றாக விழும். முட்டி போனவனுக்கு முன்கழி கிடையாது. கிடங்கு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்து, வருகிறவர்களுக்கு வழி சொல்ல விட்டுவிடுவார்கள். முந்தைய மேஸ்திரி அந்த ஸ்டூலில்தான் இருக்கிறார். ஆள் வராத நேரத்தில் நாய்க்கும் வழி சொல்கிறார்.

போதாக்குறைக்கு மச்சினன் வேறு. பெண்டாட்டியின் தம்பி. தோளைப் பார்த்து ஊரே அவனுக்குக் கிரேன் என்று பேர் வைத்திருந்தது. முன்கழிக்கு நேர் பின்னால் நிற்பான். தன் இடத்தின்மேல்தான் அவன் கண் என்று மேஸ்திரி உறுதியாக நம்பினார்.

டயர்க்கடையில் கார் நாலு சக்கரமும் இல்லாமல் முட்டுக்கட்டைமேல் நின்றது. கடைக்காரர் நாலு விதமான டயரை எடுத்துச் சுவரில் சாய்த்தார்.

"இது அந்தக் காலத்து அச்சு டாக்டர். இது வெள்ளைக் கோடு போட்டது. இது பந்தயத்துக்கு. இது சும்மா, பாக்க லட்சணமா இருக்கும்."

டாக்டர் ஒவ்வொன்றின் முன்னும் குனிந்து பல் பார்க்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முடியைப் பார்த்தார். எல்லாவற்றிலும் முடி இருந்தது. அதுதான் சிக்கலாகிவிட்டது. மனசு ஒரு நிலையில் நிற்கவில்லை.

"மேஸ்திரி, நீங்க என்ன சொல்றீங்க?"

மேஸ்திரி முன்னே வந்தார். முதல் டயரை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக் கண்ணை மூடினார். வைத்தார். இரண்டாவதைத் தூக்கினார். முதலாவதையே இன்னொரு தடவை தூக்கிப் பார்த்தார். கடைசி ஒரு கிலோதான் ஆளைக் கவிழ்க்கும் என்பது அவருக்குத் தெரியும். தேடியது அந்த ஒரு கிலோ குறைந்த டயரைத்தான்.

"வெள்ளைக் கோடு" என்றார்.

"எத வெச்சுச் சொல்றீங்க?"

"கையில எடுத்தா தெரியுது சார்."

டாக்டருக்குப் புல்லரித்துவிட்டது. "பாத்தீங்களா, கண்ண மூடிக்கிட்டே சொல்றாரு!"

"எங்க மாமா டயர மோந்து பாத்தே அதோட ஜாதகத்தச் சொல்லுவாரு" என்றான் கிரேன். கூட்டம் சிரித்தது. மேஸ்திரி முறைத்தார்.

டயரை மாட்டினார்கள். காருக்கு அடியில் கழிகளைக் கொடுத்துக் கயிறு கட்டினார்கள். தூக்கப் போகிற நேரத்தில் டாக்டர் தோல் கையுறை மாட்டிக்கொண்டு உள்ளே ஏறி உட்கார்ந்தார்.

"நீங்க எதுக்கு சார்?"

"டிரைவர் இல்லாம கார் தெருவுல போகலாமா? நாளைக்கு யாராவது கேட்டா?"

டயரில் மிச்சம் பிடித்ததெல்லாம் டாக்டரின் தொப்பையில் போயிற்று.

"ஏத்து... வை. ஏத்து... வை." சிவப்புக் கார் பன்னிரண்டு பேர் தோளில் தெருவில் போனது. பின்னால் கடைக்காரர் முட்டுக்கட்டைகளைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளி வந்தார். திருப்பத்தில் டாக்டர் ஸ்டியரிங்கை வளைத்து ஹாரன் அடித்தார். எதிரே வந்த பஸ் ஒதுங்கி நின்றது. "ரிப்பேரா?" என்று ஒரு பயணி எட்டிப் பார்த்துக் கேட்டான். "இல்ல, புது டயர்" என்றார் டாக்டர்.

மேடு தொடங்கும் இடத்தில் மேஸ்திரியின் முட்டிக்குள் ஏதோ நகர்ந்தது. "கட்ட போடு!" என்று கத்தினார். கட்டைகள்மேல் கழியை இறக்கினார்கள். டயர் தரைக்கு ஒரு சாண் மேலே நின்றது.

"என்னாச்சு?" டாக்டர் பதறினார். "முடி ஏதாவது...?"

"பாத்துட்டுச் சொல்றேன் சார்" என்று மேஸ்திரி சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தினார். குந்தியபிறகுதான் புத்தி வந்தது. எழுந்திருக்க முடியவில்லை. முட்டி பூட்டிக்கொண்டது. வேறு வழியில்லாமல் டயரை ஒரு விரலால் தடவினார். சுற்றித் தடவினார். மறுபடியும் ஆரம்பித்த இடத்திலிருந்து தடவினார்.

"என்ன அக்கறை பாருங்க" என்று டாக்டர் கடைக்காரரிடம் சொல்வது கேட்டது.

கிரேன் வந்து பக்கத்தில் குந்தினான். "என்ன மாமா, பேன் பாக்குறீங்களா?"

"எந்திரிச்சுப் போடா."

"நான் எந்திரிச்சிருவேன். நீங்க?"

மேஸ்திரி விட்ட இடத்திலிருந்து டயரைத் தடவினார்.

"பூட்டிக்கிச்சா?"

"உங்கக்கா சொன்னாளா?"

"அக்கா எதுக்குச் சொல்லணும்? கழி சொல்லுது. நீங்க வலது கால் வெக்கிறப்பல்லாம் கழி எங்கிட்ட வந்து அழுவுது. அந்த நேரத்துக்கு நான் தோள ஏத்திக் குடுப்பேன். எனக்குப் பின்னால நிக்கிறவனும் ஏத்துவான். பீரோ தூக்குன நாள்லேருந்து இதான் நடக்குது."

"எல்லாருக்குமா தெரியும்?"

"உங்களுக்குத்தான் தெரியாது, எங்களுக்குத் தெரியும்னு."

மேஸ்திரி டயரிலிருந்து விரலை எடுத்தார். தலையைத் தொங்கப்போட்டார். "சரி. முன்கழிய நீயே எடுத்துக்க. நான் ஸ்டூலுக்குப் போறேன். உனக்கும் அதுதான வேணும்?"

"எனக்கா? முன்கழி கெடக்குது. அடி யாரு கூப்பிடுறது? நான் கூப்பிட்டா ஒருத்தன் இடது கால வெப்பான், ஒருத்தன் வீட்டுக்குப் போவான். எனக்குத் தோள்தான் மாமா, தொண்டை கெடையாது." அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். திறந்திருந்த காருக்குள் இன்னோர் இருக்கை காலியாக இருந்தது. சட்டென்று எழுந்தான்.

"டாக்டர் சார்! வண்டி ஒரு பக்கமாச் சாயுது. அந்தப் பக்கம் ஒரு ஆள் உக்காந்தாத்தான் சரிப்படும்."

டாக்டர் யோசித்தார். "டயர்மேல பாரம் ஏறிடாதே?"

"டயர் காத்துலதான இருக்கு சார்."

"அதுவும் சரிதான்."

கிரேன் மேஸ்திரியை அக்குளில் கைகொடுத்து, பீரோவைத் தூக்குவதுபோலத் தூக்கி இருக்கையில் வைத்தான். தூக்குகிறவன் ஒருவன் குறைந்தான், ஏறி உட்கார்ந்தவன் ஒருவன் கூடினான். எந்தக் கணக்கிலும் இது நேராகாது. யாரும் வாயைத் திறக்கவில்லை. கிரேன் முன்கழிக்குப் போய்த் தோளைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தான். மேஸ்திரி கனைத்தார்.

"ஏத்து!"

எழுந்தது.

"வை... ஏத்து... வை."

மேட்டில் கார் மெல்ல ஏறியது. இத்தனை காலம் தோளில் சுமந்தவர் முதல்முறையாக மேலே உட்கார்ந்து போனார். பதினோரு பேர் நடையும் இருக்கை வழியாக அவர் உடம்புக்குள் வந்தது. கிரேனுடையது கனமாக விழுந்தது. பின்கழியில் ஓர் இடது கால் மட்டும் ஒரு நூல் பிந்தி விழுந்தது. மறைக்கப் பார்க்கிற கால். யாரென்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அடியை மட்டும் தளர்த்தினார்.

"ஏத்து... ... வை."

"ஏன் மேஸ்திரி மெதுவாப் போறோம்?" என்றார் டாக்டர், ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

"வேகமாப் போனா காத்துல முடி மடங்கிடும் சார்."

"அய்யய்யோ, மெதுவாவே போங்க" என்று டாக்டர் பிரேக்கை மிதித்தார்.