லாரித் தண்ணீர் நின்ற கிணறு

என் மாமனார் சைனுதீனுக்கு மானம் பெரிது. வீட்டுக்கு வந்தவர் டீ குடிக்காமல் போய்விட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. மீனாட்சிபுரம் ரோட்டில் பலசரக்குக் கடை வைத்து அவர் சம்பாதித்ததைவிட உபசரித்துத் தீர்த்ததுதான் அதிகம். இதைச் சொல்லி நான் எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறேன். இந்த முறை வாய் வரவில்லை.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் கல் குவாரி. அவர்கள் ஆழமாகப் போகப் போக எங்கள் கிணற்றுத் தண்ணீரும் கீழே போனது. இந்தக் கோடையில் அடிப்பாறையே தெரிந்துவிட்டது. இது போதாதென்று இன்னும் ஆழமாகத் தோண்ட அனுமதி கேட்டிருந்தார்கள். மாமா பஞ்சாயத்துக்கும் ஜில்லா ஆபீசுக்கும் நடையாய் நடந்து பராதி மனு கொடுத்தார். கடைசியில், நிலத்தடி நீரைப் பார்க்க ஆபீசர் வருகிறார், அவர் எழுதுவதை வைத்துத்தான் அனுமதி என்று தகவல் வந்தது. கிணறு போனால் இந்த வீட்டில் குடியிருக்க முடியாது. போவதற்கு எங்களுக்கு வேறு இடமும் கிடையாது.

நான் எலப்புள்ளியில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். ஆபீசர் வருகிற அன்று காலையில் திரும்பி வந்தால், கொல்லைக் குழாயில் தண்ணீர் கொட்டுகிறது. எங்கள் பக்கம் பெரிய தொட்டி கட்டி வைத்தவர்கள் குறைவு. லாரித் தண்ணீர் வாங்கினால் பைப்பைக் கிணற்றுக்குள் விட்டுவிடுவோம். அடியில் பாறை என்பதால் நாலைந்து நாள் நிற்கும், மோட்டார் போட்டு எடுத்துக்கொள்ளலாம். முந்தின நாள் மாமா ஒரு லாரி வாங்கி ஊற்றியிருக்கிறார்.

“ஆபீசருங்க வர்றாங்கம்மா. கை கழுவத் தண்ணியில்லாத ஊட்டுல அவங்கள எப்படி உக்காரச் சொல்றது?” என்றார்.

வருகிறவர்கள் குவாரிக் குழியைத்தான் பார்ப்பார்கள் என்று நினைத்திருக்கிறார். நம் கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அதைக் கொட்டுவதற்குள் ஜீப் வந்துவிட்டது.

வந்தவர் ஜோபி. சின்ன வயசு, மலையாளி, நல்ல மனிதர். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் சாபமாவது விட்டிருப்பேன். கூடவே குவாரி மேனேஜர் வேல்முருகன். ஜோபி நேராகக் கிணற்றடிக்குப் போய் ஒரு டேப்பை இறக்கினார். தண்ணீரில் பட்டால் அதன் முனை சத்தம் போடுமாம். அடிப்பாறைக்குப் போகும் முன்பே சத்தம் போட்டுவிட்டது. வேல்முருகன் எட்டிப் பார்த்தார்.

இது லாரித் தண்ணீர் என்று நான் பதறிப்போய்ச் சொன்னேன். ஜோபி மாமாவைப் பார்த்தார்.

“ஆமாங்க சார், நாந்தான் ஊத்துனேன். நீங்க வர்றீங்கன்னுதான் ஊத்துனேன்” என்றார் மாமா. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஜோபி நம்பினார். தண்ணீரை இறைத்துவிட்டு ஊறுகிறதா என்று பார்க்கலாம் என்றார். மாமா ஓடிப்போய் மோட்டாரைப் போட்டார். வாங்கின தண்ணீரெல்லாம் தென்னை மரத்தடியில் ஓடியது. பாறை தெரிந்தது. மத்தியானம் வரைக்கும் காத்திருந்தோம். ஒரு சொட்டு ஊறவில்லை. கிணறு வற்றிக் கிடப்பதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

அப்போதுதான் வேல்முருகன் வாயைத் திறந்தார். “ஏனுங்க சார், சித்திரையில எந்தக் கிணத்துல ஊறுது? தண்ணி நின்னதும் நெசம், எறைச்சதும் இவங்கதான். ரெண்டையும் நாம கண்ணால பாத்தமுங்க.”

ஜோபி டேப்பைச் சுருட்டினார். விதிப்படி இறைப்பதற்கு முன் அளந்த அளவைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும், மற்றதைக் குறிப்பாகச் சேர்க்கிறேன், இன்னொரு முறை வர அனுமதி கேட்கிறேன், ஆனால் தேதி என் கையில் இல்லை என்று சொன்னார். மாமாவின் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னார்.

“உங்களுக்கே தெரியுதுங்களே சார்” என்றேன்.

“தெரியும் சேச்சி. தெரிஞ்சத எழுத முடியாது. அளந்ததத்தான் எழுத முடியும்.”

இன்னொரு முறை யாரும் வரவில்லை. அனுமதிதான் வந்தது.

மாமா அதன்பிறகு கடையில்கூடச் சரியாகப் பேசுவதில்லை. என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொள்கிறார். திட்டவும் மனசு வரவில்லை, தேற்றவும் தெரியவில்லை.

குழி ஆழமாக ஆழமாக அதற்குள் தண்ணீர் ஊறுகிறதாம். அதை வெளியேற்றினால்தான் அவர்களால் வெடி வைக்க முடியும். அந்தத் தண்ணீரை இப்போது லாரியில் பிடித்து, சுற்றியுள்ள வீடுகளுக்கு வாரம் ஒருமுறை இனாமாக அனுப்புகிறார்கள். முதல் லாரி எங்கள் வாசலில் வந்து நின்றபோது, மாமா விரட்டிவிடுவார் என்று நினைத்துக்கொண்டு நான் உள்ளேயே நின்றேன். அவர் இறங்கிப் போனார். அது எங்கள் கிணற்றுத் தண்ணீர்தான் என்று அவருக்கும் தெரியும். பைப்பைக் கிணற்றடிக்கு இழுக்கப் பார்த்தார். கனம், தனியாக முடியவில்லை. நான் போய் மறுமுனையைப் பிடித்தேன்.