சத்தம் இருந்தால்தான் பேச்சு

நெசவாலையை வாங்கி நைட் கிளப்பாக மாற்றிய முதலாளிக்கு, வாசல் சுவரில் எழுதிவைக்கக் கட்டடத்தின் சரித்திரம் வேண்டியிருந்தது. பழைய நெசவுக்காரர்களை மத்தியானம் மூன்று மணிக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினான்.

ஏழாந்தறி சரித்திரம் சொல்லப் போகவில்லை. ஆலையில் ஆளைத் தறி நம்பரில்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரே அவளுக்கு ஒட்டிக்கொண்டது. எட்டாந்தறி வருவாள் என்றுதான் போனாள்.

எட்டாந்தறி அவளுக்கு அண்ணி. எதிர்த்தறிக்காரியை அண்ணனுக்குப் பேசி முடித்ததே இவள்தான். இருநூறு தறி ஒன்றாக அடிக்கும் கூடத்தில் காதுக்கு வேலை கிடையாது. உதட்டை அசைத்தால் போதும், எதிரில் இருப்பவள் கண்ணாலேயே கேட்டுக்கொள்வாள். அப்படியே இருபத்தாறு வருஷம் ஊர்க்கதை, வீட்டுக்கதை எல்லாம் பேசித் தீர்த்தார்கள்; வீட்டுக்கு வந்து பேச மிச்சமே இருக்காது. ஆலை மூடிய பிறகு ஒருநாள் அண்ணி வீட்டில் உட்கார்ந்து, சத்தமில்லாத இடத்தில் பேசியபோதுதான் வினை வந்தது.

"ஏன் அண்ணி, உங்க குரல் இப்படித் தகரத்தத் தரையில இழுத்த மாதிரி இருக்கு? முன்னாடியே தெரிஞ்சிருந்தா எங்கண்ணனுக்கு வேற இடம் பாத்திருப்பேனே."

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆறு வருஷமாகப் பேச்சு இல்லை. வருகிற வெள்ளிக்கிழமை அண்ணி, அண்ணனையும் மூட்டையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மகள் ஊருக்கே போகிறாளாம். அதற்குள் ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்பதுதான் தெரியவில்லை.

கூடத்தில் ஒரு தறிகூட இல்லை. எட்டாந்தறி நின்ற இடத்தில் பளபளவென்று மது ஊற்றும் மேடை. ஏழாந்தறி நின்ற இடத்தில் கழிப்பறைக் கதவு. 'அண்ணிக்கு இதைப் பாத்து வாயெல்லாம் பல்லா இருக்குமே' என்று நினைத்துக்கொண்டாள்.

அண்ணியோ கடைசி மூலையில், நூல் சுற்றும் பிரிவிலிருந்த குண்டம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். இவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"முதல்ல ஸ்பீக்கர ஒரு தடவ சோதிச்சுக்கறேன்மா," என்றான் முதலாளி. "அஞ்சே நிமிஷம். அப்புறம் ஆளாளுக்கு மைக்கில பேசலாம்."

பாட்டு இடி மாதிரி விழுந்தது. தரை அதிர்ந்தது. கிளப் வேலையாட்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். நெசவுக்காரர்களோ அப்பாடா என்று சாய்ந்து உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள்.

குண்டம்மா பக்கம் பாதி திரும்பியிருந்த அண்ணியின் உதடும் அசைந்தது. இத்தனை சத்தத்தில் யாருக்குக் கேட்கப் போகிறது என்ற தைரியம். அறுபதடி தள்ளி நாத்தனாரின் கண் இருப்பதை மறந்துவிட்டாள்.

"என் குரல் தகரமாவே இருக்கட்டும். அதுக்கு ஆறு வருஷமா? 'போகாதீங்க அண்ணி'ன்னு அவ வாயால ஒரு வார்த்த வந்தா நான் எதுக்குப் போறேன்? அங்க மாப்பிள்ளைக்கும் எனக்கும் ஆகவே ஆகாது."

ஏழாந்தறி எழுந்து, கையைத் தலைக்கு மேல் இரண்டு தரம் ஆட்டினாள். நூல் அறுந்தால் எதிர்த்தறியைக் கூப்பிடும் சைகை. அண்ணி பழக்கத்தில் சட்டென்று திரும்பி, திருட்டில் பிடிபட்டவள் போல விழித்தாள்.

"போகாதீங்க அண்ணி," என்றது இவள் உதடு.

"இருந்து?"

"சண்ட போட எனக்கு ஆளு வேணாமா?"

"தகரம் இழுக்குமே, பரவாயில்லையா?"

"என் குரல் மட்டும் என்ன குயிலா?"

"அதான் உங்கண்ணனே சொல்வாரே, மாவு மிஷின்னு."

"யாரு, அவனா? என்னையா? எப்ப சொன்னான்?"

பாட்டு நின்றது.

இரண்டு வாயும் மூடிக்கொண்டன. அண்ணி கூரையைப் பார்த்தாள். இவள் செருப்பைப் பார்த்தாள்.

"நீங்களே எந்திரிச்சிட்டீங்க, நீங்களே ஆரம்பிங்கம்மா," என்று முதலாளி மைக்கை நீட்டினான்.

மாவு மிஷின் விவகாரம் பாதியில் நிற்கிறது. இவன் வேறு.

"சரித்திரம் எங்க ஓடிடப்போவுது தம்பி? முதல்ல பாட்டப் போடு."

"எந்தப் பாட்டும்மா?"

"ஏதோ ஒண்ணு. அதையா கேக்கப்போறோம்?"

மூலையிலிருந்து, கூடம் முழுக்கத் தகரத்தை இழுத்தது போல, ஒரு குரல் வந்தது.

"ஏம்பா, வெள்ளிக்கிழமையும் இந்தச் சத்தம் இருக்குமா?"

"அன்னைக்குத்தாம்மா திறப்பு விழா."

"அப்ப எங்க ரெண்டு பேருக்கும் எதிரெதிரா இடம் போட்டு வை."