மூன்று நாற்பது முதல் மூன்று ஐம்பத்திரண்டு வரை

1

இந்தக் கதை எனக்கு ஒரு பள்ளி வேனில் கிடைத்தது. என் ஸ்கூட்டர் பழுதாகிக் கிடந்த வாரம் அது. மகளை ஏற்றிப்போக வந்த வேன் அக்கா, "சார், நீங்களும் ஏறுங்க, போற வழிதானே" என்றார். ஏறினேன். பதினான்கு பிள்ளைகள் பின்னால் கத்திக்கொண்டிருக்க, கியரை மாற்றியபடியே அவர் சொன்னதில் பாதி என் காதில் விழவில்லை. விழாத பாதியை நான் இட்டுக்கட்டியிருக்கிறேன். இதை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நடுவில் பிடிபட்டால் அசிங்கம்.

இதில் வரும் கட்சி எது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அதன் கொடிக்கு நான் நிறம்கூட வைக்கவில்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"அரசியல் என்பது அதிகாரத்தின் மொழி என்றால், பெண் அந்த மொழியில் ஒரு —"

ஒரு என்ன? எனக்கே தெரியவில்லை. அடித்துவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்:

"கூட்டம் சூடுபிடித்திருந்த வேளையில் வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. மகளுக்குக் கடும் காய்ச்சல். பெற்ற மனம் பதைபதைக்க அவர் எழுந்து வெளியே —"

இது சரசரவென்று நான்கு பக்கம் ஓடியது. கண் கலங்கும்படி இருந்தது என்றுகூட நினைத்துக்கொண்டேன். அச்செடுத்து அக்காவிடம் கொடுத்தேன். மறுநாள் காலை வேன் வந்து நின்றதும் சன்னல் வழியாகத் திருப்பி நீட்டினார்.

"என் பொண்ணுக்கு எப்ப சார் காய்ச்சல் வந்துச்சு?"

"இல்லக்கா, கதைக்காக ஒரு சின்ன மாற்றம்..."

"எனக்கு ஒண்ணுக்கு வந்துச்சு. அதான் எழுந்து போனேன். அதை எழுத உங்களுக்கு என்ன சார் வெட்கம்? நானே கட்சிக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்."

பின்னால் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். என் மகளும்தான். ஆகவே இது மூன்றாவது தொடக்கம்.

3

வேன் அக்காவுக்கு ஒண்ணுக்கு வந்தது.

பிற்பகல் மூன்று நாற்பது. கட்சித் தலைமை அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் மாநிலச் செயற்குழு கூடியிருந்தது. நீள மேசையைச் சுற்றி இருபத்து மூன்று நாற்காலிகள். இருபத்திரண்டில் ஆண்கள். கதவோரமாக இருந்த இருபத்து மூன்றாவதில் அக்கா, மகளிரணிப் பிரதிநிதி.

(அவர் அங்கே எப்படி வந்தார் என்று ஒரு அத்தியாயம் எழுதியிருந்தேன். சுருக்கம் இது: பள்ளி வாசலில் வேகத்தடை கேட்டு இரண்டு வருடம் அலைந்தார். வேகத்தடை வந்தது. அலைந்த பழக்கம் போகவில்லை. பதினாறு வருடம் கட்சிக்காக வீடு வீடாக ஏறி இறங்கினார். போன வருடம் இந்த நாற்காலி கிடைத்தது.)

அந்த மாடியில் ஒரே ஒரு கழிப்பறை. உள்ளே நுழைந்ததும் சுவரோரம் ஆண்கள் நிற்கும் தொட்டிகள். அவற்றைத் தாண்டினால்தான் கதவு போட்ட அறை, அதற்கும் தாழ்ப்பாள் கிடையாது. எனவே அக்கா நாற்பத்து நான்கு படி இறங்கி, சாலையைக் கடந்து, எதிரே இருந்த கண் மருத்துவமனைக்குப் போவார். முதல் தடவை போனபோது வரவேற்பில் இருந்த பெண், "கண்ணுல என்னம்மா பிரச்சினை?" என்று கேட்டார். "கண்ணு நல்லா இருக்கும்மா" என்றார் அக்கா. அதற்குப் பிறகு அந்தப் பெண் எதுவும் கேட்பதில்லை. கழிப்பறைச் சாவியை எடுத்து நீட்டுவார். சாவி அடிக்கடி தொலைந்துபோவதால் ஒரு நோட்டு வைத்திருந்தார். யார், எத்தனை மணிக்கு வாங்கினார், எத்தனை மணிக்குத் திருப்பினார், எல்லாம் அதில் இருக்கும்.

வழக்கமாகக் கூட்டம் இருக்கும் நாளில் அக்கா காலையிலிருந்தே தண்ணீர் குடிக்கமாட்டார். அப்படி இருந்து இருந்துதான் அந்த வருடத்தில் இரண்டாம் முறையாக நீர்க்கடுப்பு வந்திருந்தது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "ஒரு நாளைக்கு மூணு லிட்டர் குடிக்கணும். குடிக்காம இருந்துட்டு இங்க வந்து அழக்கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அன்று அக்கா குடித்தார். மூன்று நாற்பது வரை தாக்குப்பிடித்தார்.

அப்போது நிகழ்ச்சி நிரலின் ஆறாவது பொருள் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா காத்திருந்தது ஒன்பதாவதற்கு. சட்டசபைத் தேர்தலில் கட்சி நிற்கப்போகும் அறுபது தொகுதிகளில் பெண்களுக்கு எத்தனை? இருபது என்று மாநாட்டில் மேடை போட்டுச் சொல்லியிருந்தார்கள். ஆறுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் இன்னும் இரண்டு பொருள் இருக்கிறதே, ஓடிப் போய் வந்துவிடலாம் என்று எழுந்தார்.

மூன்று ஐம்பத்திரண்டுக்கு மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தபோது, உறுப்பினர் அட்டையை யாருக்கு அச்சடிக்கக் கொடுப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அது எட்டாவது பொருள். அக்கா நிம்மதியாகக் குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டார். எட்டு முடிந்தது. தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "அடுத்த சனிக்கிழமை மீதியைப் பார்ப்போம்" என்றார்.

"ஒன்பது?" என்றார் அக்கா.

செயலாளர் பேனாவை மூடிக்கொண்டே சொன்னார்: "அது அப்பவே முடிஞ்சிருச்சேக்கா. நேரமாகுதுன்னு முன்னாடி எடுத்துட்டோம். பெண்களுக்கு ஏழு. ஏகமனதா."

"நான் இல்லையே."

"காலையில கையெழுத்துப் போட்டிருக்கீங்களே. புத்தகத்துல நீங்க இருக்கீங்கக்கா."

4

இந்த இடத்தில் எனக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டது. தலைவரை எடுத்துக்கொண்டேன். அக்கா கதவைத் தாண்டியதும் அவர் செயலாளரைப் பார்த்துக் கண்ணைக் காட்டுவதுபோல எழுதினேன். ஒரு புன்னகைகூட வைத்தேன்.

அக்கா அதையும் ஒப்புக்கொள்ளவில்லை. "அவர் அப்படிப்பட்டவர் இல்ல சார். வேணும்னு பண்ணியிருந்தா எனக்கு ஒரு மரியாதையாவது மிஞ்சியிருக்கும், இவளைப் பார்த்துப் பயந்தாங்கன்னு. நான் எழுந்து போனதையே யாரும் பார்க்கல. இருபத்திரண்டு பேர். ஒருத்தர் கண்ணுலயும் அந்த நாற்காலி படல."

புன்னகையை எடுத்துவிட்டேன்.

5

வேனில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் அக்கா கையில் கிடைத்ததைப் படிப்பார். கட்சி விதிப் புத்தகத்தையும் அப்படித்தான் ஒருமுறை முழுசாகப் படித்திருந்தார். பதினான்காம் விதி: மகளிர் சம்பந்தப்பட்ட எந்த முடிவும், மகளிரணிப் பிரதிநிதி கூட்டத்தில் நேரில் இருக்கும்போது எடுக்கப்பட்டால்தான் செல்லும்.

ஆக, தீர்மானம் செல்லாது. ஆனால் வருகைப் புத்தகப்படி அவர் அங்கே இருந்தார். இல்லை என்று நிரூபிக்க வேண்டுமானால், எங்கே இருந்தார் என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

அக்கா செயலாளருக்குப் போன் செய்தார். அவர் நல்ல மனிதர், வழியும் சொன்னார்: "'தவிர்க்க இயலாத காரணங்களால்'னு போடுங்கக்கா. கௌரவமா இருக்கும்."

"அப்படிப் போட்டா, என்ன காரணம்னு கேப்பாங்களா, மாட்டாங்களா?"

"கேப்பாங்க."

"அப்ப வாயைத் திறந்து சொல்லணும்ல? அதுக்கு இப்பவே எழுதிடறேன்."

வீட்டில் கணவர் பம்ப் மோட்டார் ஒன்றைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். "எழுதிக் குடுத்துட்டு அப்புறம் எப்படிப் போய் அங்க உட்காருவ?" என்று மட்டும் கேட்டார். கல்லூரியில் படிக்கும் மகள்தான் குதித்தாள்.

"அம்மா, இது வெளியில போனா எல்லாரும் போன்ல அனுப்பிச் சிரிப்பாங்கம்மா. நான் எப்படிக் காலேஜுக்குப் போறது? மயக்கம் வந்துச்சுன்னு எழுதேன்!"

"மயக்கம்னு எழுதினா, உடம்புக்கு முடியாதவளுக்கு எதுக்குப் பதவின்னு அடுத்த தடவை என்னை எடுத்துருவாங்க."

மகள் உள்ளே போய்விட்டாள். அக்கா தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்:

"ஏய், சிறுநீருக்குச் சின்ன ர-வா, பெரிய ற-வா?"

பிறகு கதவுக்குப் பின்னாலிருந்து வேண்டா வெறுப்பாக ஒரு குரல்: "சிறுவுக்குப் பெரிய ற. நீருக்குச் சின்ன ர."

"சிறுசுக்குப் போயா பெரிய ற?"

உள்ளே சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. மகள் வெளியே வந்தாள், தாளை வாங்கினாள், மூன்று பிழைகளைத் திருத்திக் கொடுத்தாள்.*

* கடிதத்தின் நடு வரி: "அன்று பிற்பகல் 3.40 முதல் 3.52 வரை, அலுவலகத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லாத காரணத்தால், சிறுநீர் கழிக்க எதிரிலுள்ள கண் மருத்துவமனைக்குச் சென்றிருந்தேன். சாவி நோட்டின் நகல் இணைப்பு." நகலில் வரவேற்புப் பெண் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தார். அக்காவையும் இந்தப் பெண்ணையும் பற்றித் தனிக் கதை எழுதலாம். இப்போதைக்கு இவ்வளவுதான்.

6

அடுத்த சனிக்கிழமை. வந்த கடிதங்களை அவையில் படிப்பது முறை. செயலாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். நடு வரிக்கு வந்ததும் இருமினார்.

"...காரணத்தால், இயற்கை உபாதையின் பொருட்டு —"

"எழுதியிருக்கறதப் படிங்கண்ணே" என்றார் அக்கா.

படித்தார். மேசையின் அந்தக் கோடியில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஒருவர் விட்டத்தைப் பார்த்தார், ஒருவர் போனைக் கவிழ்த்து வைத்தார். அக்காவின் காது சுட்டது. ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் பார்ப்பதுபோல ஒரே இடத்தில் கண்ணை வைத்துக்கொண்டாராம், அது செயலாளரின் சட்டைப் பொத்தான்.

தலைவர் எழுந்தார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "இது நம்ம எல்லாருக்கும் வெட்கக்கேடு. எட்டு நாள்ல இந்த மாடியில பெண்களுக்குத் தனிக் கழிப்பறை வந்தாகணும். என் உத்தரவு."

மேசையைத் தட்டினார்கள். சிலர் அக்காவைப் பார்த்துத் தலையசைத்தார்கள். ஒருவர், "சாதிச்சுட்டீங்கம்மா" என்றார். செயலாளர் பக்கத்தைப் புரட்டினார்.

அக்கா எழுந்தார்.

"நன்றி தலைவரே. ஆனா நான் கேட்டது அது இல்ல. தீர்மானம் செல்லாதுன்னு எழுதியிருக்கேன். அந்த வரியும் அந்தக் கடிதத்துலதான் இருக்கு."

"பன்னெண்டு நிமிஷத்துக்காக மாநிலக் கட்சி முடிவை மாத்தறதா?" என்றார் ஒருவர். "எந்தக் கூட்டத்துலதான் நாம எல்லாரும் முழு நேரம் உட்கார்ந்திருக்கோம்?" என்றார் இன்னொருவர்.

அப்போதுதான் துணைத்தலைவர் வாயைத் திறந்தார். எழுபது வயது, சர்க்கரை நோயாளி, எந்தக் கூட்டத்திலும் அதிகம் பேசாதவர்.

"நான் ஒரு கூட்டத்துக்கு அஞ்சு தடவை எழுந்து போறேன். இந்த மாடியிலேயே, இதோ, பக்கத்துல. திரும்பி வந்தா நீங்க டீ குடிச்சிட்டிருப்பீங்க. 'அண்ணன் வரட்டும்'னு தலைவர் நிறுத்தி வச்சிருப்பார். ஒரு பொருளும் நான் இல்லாம முடிஞ்சதில்ல." தலைவரைப் பார்த்தார். "இதை நானும் இன்னிக்குத்தான் யோசிக்கறேன்."

தலைவர் உட்கார்ந்தார். "ஒன்பதை மறுபடி எடுங்க" என்றார்.

7

முடிவுகள்.

முதல் முடிவில் எட்டாம் நாள் கழிப்பறை திறக்கப்படுகிறது. நாடா கட்டி, கத்தரிக்கோலோடு தலைவர் வருகிறார். சுவரில் அவர் பெயர் பொறித்த கல். வாசகர்கள் நம்பமாட்டார்கள் என்று இதை அடித்தேன். "அது நடந்துச்சே சார்" என்றார் அக்கா. சரி, இருக்கட்டும்.

இரண்டாவதில் இருபதும் கிடைக்கிறது, அக்காவும் சட்டசபைக்குப் போகிறார். இதை எழுதி முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆனது. கிழிக்க அவ்வளவு நேரம் ஆகவில்லை.

நடந்தது இது: மூன்று மணி நேரம் வாதாடினார்கள். ஏழு பதினொன்று ஆயிற்று. இருபது ஆகவில்லை. பதினொன்றில் அக்காவின் பெயரும் இல்லை, அவருடைய தொகுதி வேறொருவருக்குப் போனது. கூடக் கிடைத்த நாலு இடங்களில் நின்ற பெண்களில் மூவர் தோற்றார்கள், ஒருவர் ஜெயித்தார். ஜெயித்தவருக்கு அக்கா யாரென்றே தெரியாது.

"வருத்தமா இல்லையாக்கா?"

"இருந்துச்சு. ரெண்டு நாள் சரியா தூங்கல. அப்புறம் திங்கக்கிழமை வந்துருச்சு, வண்டி எடுக்கணும்ல."

8

இதோடு முடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மொத்தத்தையும் அக்காவிடம் கொடுத்தேன். வேன் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் வண்டியில் சாய்ந்து நின்றபடியே படித்தார். 'சின்ன ர-வா, பெரிய ற-வா' என்ற இடத்தில் சிரித்தார். கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பின்னால் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார்.

"நல்லாருக்கு சார். அன்னிக்குப் பத்தாவது பொருள் என்னன்னு கேட்டீங்களா?"

"இல்லையேக்கா."

"போக்குவரத்துக் கொள்கை. தேர்தல் அறிக்கைக்கு. பதினெட்டு வருஷமா வண்டி ஓட்டறேன். நாலு மாசம் தயார் பண்ணிட்டுப் போனேன். ஒன்பது முடிஞ்சதும் அதே நாள் எழுந்து நாப்பது நிமிஷம் பேசினேன். எல்லாரும் கேட்டாங்க, குறிப்பு எடுத்தாங்க. தலைவர் ரெண்டு கேள்வி கேட்டார், பதில் சொன்னேன்." காகிதங்களை ஒழுங்காக அடுக்கி என் கையில் வைத்தார். "பத்திரிகைக்காரங்க நாலு பேர் வந்தாங்க. காலேஜ்லேருந்து ஆராய்ச்சி பண்றவங்க வந்தாங்க. இப்ப நீங்க. எல்லாரும் அந்தப் பன்னெண்டு நிமிஷத்தைத்தான் கேக்கறீங்க."

"இப்ப சொல்லுங்கக்கா. எழுதிக்கறேன்."

"பிள்ளைங்க வெளிய வர்ற நேரம் சார்" என்று ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். கோபமெல்லாம் இல்லை. நேரமில்லை, அவ்வளவுதான்.

9

பத்தாவது பொருள் மீது வேன் அக்கா பேசியது:

[                                                            ]

[                                                            ]

இந்த இடத்தை இட்டுக்கட்டி நிரப்ப எனக்கு ஒரு சாயங்காலம் போதும். காய்ச்சலையும் கண் சாடையையும் எழுதிய அதே கைதான். இந்த முறை அது வேண்டாம் என்று வைத்திருக்கிறேன்.

நீங்கள் அவரை எங்காவது பார்த்தால் கேட்டு வந்து இங்கே எழுதிக்கொள்ளுங்கள். கேட்கும்போது குறுக்கே பேசாதீர்கள். நாற்பது நிமிடம் ஆகும்.