மாஸ்டருக்கு மறந்துபோச்சு

அவள் மார்பில் இருந்த கட்டியை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஏற்றிய மருந்து முடியைக் கொண்டுபோனது. முடி திரும்ப முளைத்துவிட்டது. கூடவே கொண்டுபோன இன்னொன்றுதான் திரும்பி வரவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனால், எதற்குப் போனோம் என்பதும் நினைவிருக்காது, பாலும் நினைவிருக்காது. பேசிக்கொண்டிருக்கும்போதே சீப்பு, சாவி மாதிரிச் சின்னச் சின்னச் சொற்கள் நழுவிவிடும். டாக்டரம்மாவிடம் கேட்டதற்கு, "மருந்தோட வேலைதான் அது. சிலருக்குச் சீக்கிரம் சரியாகும், சிலருக்கு நாளாகும்" என்றார். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் அவரைவிடப் பெரிய டாக்டர்கள். "மறதி யாருக்குத்தான் இல்ல? நானும்தான் கண்ணாடிய எங்கயோ வெச்சுட்டுத் தேடறேன்" என்று சிரித்து, கொடுத்த காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

அவள் கட்டிங் மாஸ்டர். சீருடை தைத்துக் கொடுக்கும் கடை அது. கணவர் ஆர்டர் பிடிப்பார், தையல்காரர்கள் தைப்பார்கள், துணியை வெட்டுவது அவள். துணியை மேஜையில் விரித்துப் பார்த்தாலே போதும். முன்பாகம், பின்பாகம், கை, காலர் எல்லாம் அவள் தலைக்குள் தாமாக நகர்ந்து இடம் பிடித்துக்கொள்ளும். மற்ற கடைகள் பத்தாது என்று திருப்பி அனுப்பிய துணியில் கேட்டதை எடுத்துக் கொடுத்துவிட்டு, மிச்சத்தில் ஒரு பையும் தைத்து வைத்துக்கொள்வாள். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. மாஸ்டர்தான்.

அவள் படுத்திருந்த மாதங்களில் கொழுந்தன் மேஜைக்கு வந்தான். கடையில் அவனைச் சின்னவர் என்பார்கள். நமக்கு அவன் என்றாலே போதும். ஓட்டல் வாசலில் நிற்பவர்களுக்கான கோட்டுத் துணியை அடுக்கடுக்காக விரித்தான். ஒன்றின் முகம், அதாவது வெளிப்பக்கம், இன்னொன்றைப் பார்க்கும்படி விரித்தால்தான் இடதும் வலதும் ஜோடியாக வரும். நம் துரையோ எல்லாவற்றையும் ஒரே முகமாக விரித்து, ஒரே அளவு அட்டையை வைத்து வெட்டித் தள்ளினார். அத்தனை கோட்டுக்கும் இடது பக்கமே இரண்டிரண்டு. வலது பக்கம் மருந்துக்குக்கூட இல்லை.

அதோடு விட்டானா? "அண்ணிதான் வெட்டறதுக்கு முந்தின நாள் காலைல ஃபோன்ல இப்படி விரிக்கச் சொன்னாங்க. பாவம், அவங்க நிலைமை அப்படி" என்றான்.

அவள் நம்பினாள். சொல்லியிருப்பேன், என் தலையில்தான் எதுவும் நிற்பதில்லையே என்று நினைத்தாள். தலையில் கட்டிய துணியோடு ஓட்டல் மேனேஜர் முன்னால் போய் நின்று மன்னிப்புக் கேட்டாள். கத்தரியைத் தன் கையாலேயே கொழுந்தனிடம் கொடுத்தாள். அன்றிலிருந்து மூலையில் ஒரு ஸ்டூல், கையில் பட்டனும் ஊசியும். பட்டன் டப்பா ஒன்று காணாமல் போனாலும் "அண்ணி எங்கயாச்சும் வெச்சிருப்பாங்க" என்பான். தையல்காரர்களுக்குள் மறதி மாஸ்டர் என்ற பெயர் ஓடியது அவள் காதிலும் விழுந்தது. காது நன்றாகத்தான் இருந்தது.

ஒருநாள் காலை காபி நாக்கைச் சுட்டுவிட்டது.

"மெதுவாக் குடி. திரும்ப அந்தப் புண்ணு வந்துடப்போகுது" என்றார் கணவர்.

"எந்தப் புண்ணு?"

"மருந்து ஏத்தினப்போ வாயெல்லாம் வெந்துபோச்சே, ஞாபகமில்ல? நாலஞ்சு நாளா நீ ஒரு வார்த்தை பேசல. தண்ணி வேணும்னாக்கூட கட்டிலத் தட்டுவ. அப்புறம்தான் ஆஸ்பத்திரில சேர்த்தோம். அன்னைக்குத்தான் தம்பி கோட்டுத் துணி போச்சுன்னு வந்து நின்னான். நான் எதப் பார்ப்பேன், சொல்லு?"

அவர் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். தான் என்ன சொன்னோம் என்று அந்த நல்ல மனிதருக்குத் தெரியாது. அவள் கையில் காபி ஆறிக்கொண்டிருந்தது. நாலஞ்சு நாளாக வாயே திறக்காதவள் முந்தின நாள் காலையில் ஃபோனில் எப்படிச் சொல்லியிருப்பாள்?

பாவி. துணி போனதை மன்னித்துவிடுவாள், அவளும் எத்தனையோ துணியைப் பாழாக்கிக் கற்றுக்கொண்டவள்தான். தன் தலையையே தான் நம்ப முடியாமல் செய்துவிட்டானே, அதற்கு என்ன செய்வது? நோய் பாதியைத் தின்றது, மீதியை இவன் தின்றான்.

அன்றே போய் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்டால் என்ன சொல்வான்? "அண்ணிக்கு ஞாபகம் குழம்புது" என்பான். அதனால் வாயை மூடிக்கொண்டு பட்டன் தைத்தாள். தினமும் காலையில் கண் விழித்ததும், கோபம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். இருந்தது. பால் மறந்தது, சாவி மறந்தது, இது மறக்கவில்லை. வெகுநாளைக்குப் பிறகு நன்றாகப் பசித்தது.

அவள் காத்திருந்தது பாண்டு வாத்தியக் குழுவின் ரூபத்தில் வந்தது. வருடாவருடம் அவர்களுக்குச் சிவப்புக் கோட்டு. இந்த முறை மில்காரன் அந்தச் சிவப்பை நிறுத்திவிட்டான். கடைசித் துணியைக் குழுவே வாங்கி அனுப்பியிருந்தது. கொழுந்தன் அட்டைகளை இப்படி வைத்தான், அப்படி வைத்தான், நாலு கோட்டுக்குக் கை வரவில்லை. கையில்லாத கோட்டைப் போட்டுக்கொண்டு யார் டிரம் அடிப்பது?

மத்தியானம் ஸ்டூலுக்குப் பக்கத்தில் வந்து குனிந்தான். "அண்ணி, போன தடவ இதே அளவுத் துணிலதான எடுத்தீங்க? அட்டைய எப்படிப் போட்டீங்க?"

"எனக்கு ஏது தம்பி ஞாபகம்? நான் மறதி மாஸ்டர் ஆச்சே" என்றாள். அந்தச் சொற்கள் வாயில் இனித்தன.

மறுநாளும் வந்தான். வெட்ட வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. குரலில் வெண்ணெய் தடவியிருந்தது. "கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க அண்ணி. குடும்ப மானம்."

"யோசிக்கிறேன் தம்பி. முன்ன ஒரு ஓட்டல் கோட்டு விஷயம் இருக்கு பாரு, அத உன்கிட்ட என்னைக்கு, எப்படிச் சொன்னேன்னு மட்டும் வரமாட்டேங்குது. வாய் வெந்து கெடந்தேனாம் அப்போ. அது ஞாபகம் வந்தா இதுவும் பின்னாலயே வந்துடும்னு நெனைக்கிறேன்."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. தையல்காரர்கள் ஒவ்வொருவராகப் பெடலிலிருந்து காலை எடுத்தார்கள். கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த கணவர் நிமிர்ந்தார்.

"நீங்க சொல்லல அண்ணி" என்று முணுமுணுத்தான்.

"சத்தமாச் சொல்லு. மிஷின் சத்தத்துல கேக்கல."

ஒரு மிஷினும் ஓடவில்லை. "நீங்க சொல்லல! நான்தான் தப்பா வெட்டினேன். பயத்துல உங்க தலைல கட்டிட்டேன். போதுமா?"

போதாது. இதற்கு மேல்தான் இருக்கிறது விருந்து. அவள் எழுந்து மேஜைக்கு நடந்தாள். தையல்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். எல்லார் கண்முன்னாலும் அட்டைகளை ஒவ்வொன்றாக வைத்து, சாக்பீஸால் சுற்றிக் கோடு போட்டு, மிச்சத்தில் ஒரு பைக்குத் துணியும் காட்டி, கத்தரியை அவன் கையிலிருந்து பிடுங்க வேண்டும். இத்தனை நாளும் பட்டன் தைத்துக்கொண்டே மனசுக்குள் பார்த்த காட்சி அதுதான்.

பின்பாகத்தை ஓரமாக வைத்தாள். முன்பாகத்தைத் தலைகீழாக வைத்தாள். கை? கையைச் சாய்த்து வைத்துப் பார்த்தாள், இடிக்கிறது. திருப்பினாள், இடிக்கிறது. சிவப்புத் துணியையே பார்த்தாள். எதுவும் நகரவில்லை. அட்டைகள் அட்டைகளாகவே கிடந்தன.

மறந்துபோச்சு என்று இத்தனை ருசித்துச் சொன்னாளே, நிஜமாகவே உள்ளே இருக்கிறதா என்று ஒருநாளும் பார்க்கவில்லை. கோபம் பத்திரமாக இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தாள். சுற்றிலும் அத்தனை கண்கள். இன்னும் கொஞ்சம் இப்படியே நின்றால் யாராவது ஒருவர் "பாவம்" என்று சொல்லிவிடுவார்.

அட்டையைப் போட்டுவிட்டுக் கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டினாள். கொழுந்தனைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தாள்.

"மறந்துபோச்சு தம்பி."

"அண்ணி! வேணும்னே பண்றீங்க நீங்க!"

"ஆமா" என்றாள். "வேணும்னுதான் பண்றேன்."

யாரோ ஒருவர் கையைத் தட்டினார். காலர் தைப்பவர், "மாஸ்டர்னா மாஸ்டர்தான்யா!" என்றார். கொழுந்தன் கத்தரியை மேஜையில் எறிந்துவிட்டு வெளியே போனான். அவள் நிமிர்ந்த தலையோடு ஸ்டூலுக்கு வந்து உட்கார்ந்தாள். மிஷின்கள் மறுபடி ஓடத் தொடங்கின.

கொஞ்ச நேரத்தில் கணவர் பக்கத்தில் வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "எனக்குத் தோணவே இல்ல பாரு, அவன் பண்ணது தப்புதான். ஆனா துணி பாண்டுக்காரங்களோடது. நாளைக்காவது சொல்லிடுவ இல்ல?"

"இன்னும் கொஞ்சம் துடிக்கட்டும்" என்றாள்.

நூல் ஊசிக்குள் போக மறுத்தது. அவர் அதை வாங்கிக் கோத்துக் கொடுத்தார். ஜெயித்த சந்தோஷத்தில் அவளுக்கு ஊசிக்காதே தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டார்.