ஒரு பெட்டிக்குள் இரண்டு கடிகாரம்

என் மாமனார் எதையும் வாயால் சொல்ல மாட்டார். சாப்பாட்டில் உப்பு குறைந்தால் உப்பு ஜாடியை மேசை நடுவுக்கு நகர்த்தி வைப்பார். மழை வரும் போலிருந்தால் என் குடையை எடுத்துச் செருப்புக்குப் பக்கத்தில் சாய்த்து வைப்பார். விளக்கை அணைக்காமல் நான் கடைக்குப் போய்விட்டுத் திரும்பினால், சுவிட்சுக்கு நேர் கீழே ஒரு நாற்காலி போட்டிருக்கும். உட்காருவதற்கு அல்ல, உறைப்பதற்கு.

வாய் நீளம் என்று பிறந்த வீட்டிலேயே பெயர் எடுத்த எனக்கு இப்படி ஒரு மாமனார். ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. பிறகு நானும் அந்தப் பாஷையைக் கற்றுக்கொண்டேன். அவர் குளியலறைக் குழாயைச் சரியாக மூடாமல் வந்தால், அதன் கீழே ஒரு காலி வாளியை வைத்தேன். மறுநாளிலிருந்து குழாய் சொட்டவில்லை. ஒரு வார்த்தை தடிக்காமல் இப்படித்தான் நாங்கள் குப்பை கொட்டிக்கொண்டிருந்தோம்.

மாமியார் போய்ச் சேர்ந்த பிறகு அவர் எங்களோடு வந்துவிட்டார். ஒரு துணிப்பையும், தன் பழைய மேசைக் கம்ப்யூட்டரும்தான் அவர் கொண்டுவந்த சொத்து. இரும்புக் கேட், ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் வரைந்து கொடுப்பது அவர் தொழில். வரைவதை வெல்டர் ஒருவர் தன் பட்டறையில் செய்துவிடுவார். அந்த வரைபட சாஃப்ட்வேர் பழைய விண்டோஸில் மட்டும்தான் ஓடும். புதியதில் ஏற்றினால் திறக்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

அவர் வந்த சமயம் பார்த்து என் லேப்டாப் கண்ணை மூடிவிட்டது. படங்களுக்கு அடியில் ஓடும் வசனங்களை எழுதி நேரம் பொருத்துவது என் வேலை. அதற்கு வேண்டிய சாஃப்ட்வேர் பழைய விண்டோஸில் மூச்சு வாங்கியது. என் வீட்டுக்காரர் ஒரு விடுமுறை நாளில் மாமாவின் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். டிஸ்க்கை இரண்டாக வெட்டிப் பாகப்பிரிவினை செய்தார். ஒரு பாதியில் அப்பாவின் விண்டோஸ், மறு பாதியில் எனக்கு லினக்ஸ் என்கிற இன்னொரு சிஸ்டம். பத்திரம் மட்டும்தான் பதியவில்லை.

"ஆன் பண்ணதும் கருப்பா ஒரு ஸ்க்ரீன் வரும். ரெண்டு பேரு இருக்கும். மேல இருக்கறது உனக்கு, கீழ இருக்கறது அப்பாவுக்கு. யாருக்கு வேணுமோ அவங்க அம்புக்குறிய அழுத்திப் போய்க்கலாம். ஒருத்தர் பக்கம் இன்னொருத்தர் போகவே வேணாம்" என்றார்.

மாமா விடிவதற்கு முன்னாலேயே எழுந்து வரைவார். நான் வீட்டு வேலையை முடித்துவிட்டுப் பத்து மணிவாக்கில் உட்காருவேன். சரியாகத்தான் பொருந்தியிருந்தது, அந்தக் கடிகாரம் குறுக்கே வரும்வரை.

நான் என் பக்கத்தைத் திறக்கும்போது திரையின் மூலையில் மணி மதியம் தாண்டி எங்கோ போயிருக்கும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத் திருத்தி வைப்பேன். மறுநாள் திறந்தால் பழையபடி மதியம் தாண்டியிருக்கும். உள்ளே இருக்கிற பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கும் என்று வீட்டுக்காரர் அதை மாற்றிப் போட்டார். மாற்றிய மறுநாளும் அதே கதை. பேட்டரி கெட்டிருந்தால் மணி கண்டபடி ஓடும். இதுவோ தினமும் அளந்து வைத்த மாதிரி ஒரே அளவு முன்னால் நின்றது. அந்தப் பெட்டியைத் தொடுகிறவர்கள் இரண்டே பேர். நான் வைக்கவில்லை.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. நாற்காலி, குடை, உப்பு ஜாடி, இப்போது கடிகாரம். 'ஏம்மா, வேலைக்கு உட்காருகிற நேரமா இது, மதியமே தாண்டிவிட்டதே' என்று மாமனார் சொல்கிறார்!

எனக்குச் சுர்ரென்று ஏறியது. விடிந்ததிலிருந்து அடுப்படியில் நிற்பது யாராம்? இந்த ஒரு விஷயத்துக்கு எதிர்ப்பாட்டு பாடக்கூட மனசு வரவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, தினமும் மணியைத் திருத்திவிட்டு வேலை செய்தேன். அவரும் முன்போல இல்லை. குடை இருந்த இடத்திலேயே இருந்தது. நான் இரண்டு தடவை நனைந்துகொண்டு வந்தேன். விடியற்காலையில் வரைகிற மனிதர், சில நாட்கள் வெளிச்சம் வரும்வரை அடுப்படி ஸ்டூலில் சும்மா உட்கார்ந்திருந்தார். கீபோர்டுக்கு அடியில் ஒரு துண்டை நாலாக மடித்துப் போட்டிருந்தார். தூசிக்காக இருக்கும் என்று நினைத்தேன்.

ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது அவர் வாயைத் திறந்து பேசினார்.

"வெல்டர் பட்டறை மாடியில ஒரு ரூம் காலியா இருக்காம். அடுத்த மாசம் அங்க போயிடலாம்னு பாக்கறேன்."

வீட்டுக்காரர் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டார். "ஏம்பா? இங்க என்ன குறை?"

"குறையெல்லாம் ஒண்ணும் இல்லடா. தொழில் பக்கத்துலயே இருந்துக்கலாமேன்னுதான்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். "உங்க இஷ்டம் மாமா" என்றேன், வெடுக்கென்று. அப்படிச் சொன்னது எனக்கே பிடிக்கவில்லை. பாத்திரம் தேய்த்துக்கொண்டே, போகட்டுமே, எனக்கென்ன என்று இருக்கத்தான் பார்த்தேன். முடியவில்லை. அவர் போவது எனக்கு வேண்டாம், அவ்வளவுதான். ஆனால் போகாதீர்கள் என்று நான் கெஞ்சினால், அந்தக் கடிகாரத்துக்குத் தலையாட்டின மாதிரி ஆகிவிடாதா? வீம்பு விடவில்லை.

அடுத்த வாரம் ஒரு பெரிய கேட்டைப் பொருத்துவதற்காக மாமாவும் வெல்டரும் வெளியூர் போனார்கள். போய் ஒரு நாள் கழித்துக் காலையில் மாமாவிடமிருந்து போன் வந்தது.

"அம்மா, ஒரு சின்ன உதவி. சிரமமா இருந்தா வேணாம். வரைபடத் தாள் மழையில நனைஞ்சு போச்சு. என் பக்கம் போயி ஒரே ஒரு அளவு பாத்துச் சொல்ல முடியுமா?"

அவர் பக்கத்துக்கு நான் போனது அதுதான் முதல் தடவை. கேட் படத்தைத் திறந்து, மேல் வளைவின் அளவைப் படித்துச் சொன்னேன். "ரொம்ப நன்றிம்மா" என்றார், பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்கிற மாதிரி.

போனை வைத்துவிட்டு மூடப் போகும்போதுதான் மூலையில் மணியைப் பார்த்தேன். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. திரை இன்னும் விடியவே இல்லை என்றது.

அவர் ஊரிலேயே இல்லை. முந்தின நாள் நான்தான் என் பக்கத்தில் மணியைச் சரியாக வைத்து மூடியிருந்தேன். அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை. பிறகு எப்படி? மூடிவிட்டு என் பக்கம் போனேன். மணி சரியாக இருந்தது. திரும்ப அவர் பக்கம் வந்தேன். விடியவில்லை. அங்கே மணியைத் திருத்தினேன், என் பக்கம் ஓடினேன். மதியம் தாண்டியிருந்தது!

வீட்டுக்காரரின் வேலையிடத்துக்கு போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"ஐயையோ" என்றார். "பெட்டிக்குள்ள இருக்கற கடிகாரம் ஒண்ணுதான். அதை லினக்ஸ் உலகப் பொது நேரம்னு எடுத்துக்கும், விண்டோஸ் நம்ம ஊர் நேரம்னு எடுத்துக்கும். ரெண்டுக்கும் அஞ்சரை மணி வித்தியாசம். ஒரு பக்கம் திருத்துனா இன்னொரு பக்கம் கெட்டுப் போகும். ஒரு செட்டிங் மாத்தணும். நான் மறந்தே போயிட்டேன்."

"நல்லா மறந்தீங்க. உங்க அப்பா மூட்டை கட்டற அளவுக்கு மறந்திருக்கீங்க."

போனை வைத்துவிட்டு அந்த நாற்காலியில் அப்படியே உட்கார்ந்தேன். நான் தினமும் என் மணியைத் திருத்தத் திருத்த, மறுநாள் விடியற்காலையில் அவர் திறக்கும்போது திரை நடு ராத்திரி என்றிருக்கிறது. அதை அவர் திருத்தத் திருத்த, என் பக்கம் மதியம் தாண்டியிருக்கிறது. என் படுக்கை இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான். வாளி வைத்துப் பேசுகிற மருமகள் கடிகாரத்தை வைத்தும் பேசுவாள் என்று அவர் நினைத்ததில் என்ன தப்பு? 'இது தூங்குகிற நேரம், தட்டாதீர்கள்' என்று படித்துக்கொண்டிருக்கிறார். அதனால்தான் அடுப்படி ஸ்டூல், அதனால்தான் கீபோர்டுக்கு அடியில் துண்டு. அந்தத் துண்டைத் தொட்டுப் பார்த்தேன். அழுகை வந்துவிட்டது.

மறுநாள் மாலை அவர் வந்ததும் கை கால் கழுவக்கூட விடவில்லை. இதற்கு நாற்காலியோ வாளியோ போதாது. பெட்டிக்கு முன்னால் உட்காரவைத்து, செட்டிங்கை மாற்றாமலே விட்டிருந்த இரண்டு பக்கத்தையும் மாறி மாறித் திறந்து காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"அப்ப நீ வெக்கலையா?"

"நீங்க வெக்கலையா மாமா?"

"நான் எதுக்கும்மா வெக்கப்போறேன்!"

"நான் லேட்டா வேலைக்கு உக்காரறேன்னு."

அவர் மேசை மேலிருந்த பென்சிலை நேராக வைத்தார்.

"மாமா, பென்சில விடுங்க. வாயால சொல்லுங்க."

"கொஞ்சம் லேட்டுதான்னு நெனச்சதுண்டு" என்றார் மெதுவாக. "ஆனா சொல்லக் கூடாதுன்னும் நெனச்சேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அவரும் கொஞ்சம் தைரியம் வந்தவராக என்னைப் பார்த்தார்.

"நீயும் சொல்லு. நான் தட்டற சத்தம் அந்தப் பக்கம் கேக்குதா?"

"கேக்குது."

"தூக்கம் கெடுதா?"

பொய் சொல்லியிருக்கலாம். "கெடுது மாமா. தினமும் கெடுது. அதுக்காக நீங்க பட்டறை மாடிக்குப் போகணும்னு ஒரு நாளும் நெனச்சதில்ல. போகாதீங்க."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "வெல்டர்கிட்ட வரேன்னு சொல்லிட்டேனே" என்றார், ஏதோ நம்பரைத் தேடுகிற மாதிரி சட்டைப்பையைத் தடவிக்கொண்டு.

"நம்பரைக் குடுங்க. நானே சொல்லிக்கறேன். என் வாய்க்கு அவரு பதில் சொல்லிடுவாராக்கும்?"

மாமா வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் கேட்டேன். வீட்டுக்காரர் வந்து செட்டிங்கை மாற்றினார், இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டார். நான் துண்டை எடுத்துத் துவைத்துக் கொடியில் போட்டேன்.

விடிவதற்கு முன்னால் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து டக்டக்கென்று சத்தம் வந்து என்னை எழுப்பியது. துண்டு இல்லாததால் நன்றாகவே கேட்டது. எரிச்சலாகத்தான் இருந்தது. மாமா இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, போர்வையைத் தலைவரை இழுத்துவிட்டுத் திரும்பிப் படுத்தேன்.